பதினேழு ரயில்கள்

மார்ச் 4, செவ்வாய்

பதினெட்டாம் எண் வண்டியின் ஏகச் சக்கரவர்த்தியும், மேடு பள்ளங்களின் பரம வைரியும், மூன்றாவது கியரின் மூத்த மாப்பிள்ளையுமான டிரைவர் அவர்களின் சமூகத்துக்கு, அதே வண்டியில் இருபத்தாறு வருடம் பின்னால் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டர், ஊரார் வாயில் மாமா, உன் வாயில் ‘ஏய்’, எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

இங்கு நலம். அங்கு உன் நலத்தோடு உன் அறைச் சுவரின் நலத்தையும் அறிய ஆவல். கடைசி நாள் ராத்திரி முழுக்க என் பக்கம் திரும்பாமல் அந்தச் சுவரைத்தானே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய்.

உன் கைப்பேசி என் பையிலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. உன் மகள் வீட்டுக்குப் போன் போட்டால் நீ தூங்குகிறாயாம். காலை ஒன்பதுக்கும் தூக்கம், பகல் ஒன்றுக்கும் தூக்கம், மாலை ஆறுக்கும் தூக்கம். கும்பகர்ணன் கேள்விப்பட்டால் பட்டத்தைக் கழற்றி உன் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். பாப்பாவும் பாவம், “அப்பா இப்பதான் கண்ணசந்தார் மாமா” என்று சொல்லும்போது பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது.

ஆகவே கடிதம். நாம் இருவரும் போய்வந்த நாலு நாள் நகர யாத்திரையின் சரித்திரத்தை நான் எழுதி வைக்காவிட்டால் உலகத்துக்கு அது கிடைக்காமலே போய்விடும். டிப்போ எதிரில் இருக்கும் டீக்கடையில் ஐந்நூறு பேர் கூடி என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் கட்டிடங்கள். பாப்பா குடியிருக்கும் கட்டிடத்தின் உச்சியைப் பார்க்க நான் அண்ணாந்தது செவ்வாய்க்கிழமை. கழுத்து திரும்பி வந்து சேர்ந்தது புதன்கிழமை. தொள்ளாயிரம் மாடி. பாதி உயரத்தில் புறாக்கள் உட்கார்ந்து மூச்சு வாங்குகின்றன. நம்மோடு லிப்டில் ஏறிய சின்னப் பெண், இறங்கும்போது பேரன் பேத்தி எடுத்திருந்தாள். நீயும் பார்த்தாய், சாட்சி சொல்ல மறுக்காதே.

அடுத்து, நகரும் படிக்கட்டு. அதன் முன்னால் நீ நின்று, மேலே ஒரு முறை கீழே ஒரு முறை பார்த்துவிட்டு, “இதுக்கு பிரேக் எங்க?” என்று கேட்டாய். பின்னால் இரண்டு லட்சம் பேர் காத்திருந்தார்கள். பிரேக் எங்கே என்று தெரியாத வண்டியில் ஏற மாட்டேன் என்று பக்கத்தில் இருந்த கல்படியில் ஏறி வந்தாய். நான் மேலே போய்ச் சேர்ந்து, உனக்காகக் காத்திருந்ததில் எனக்கு இரண்டு அங்குலம் தாடி வளர்ந்தது.

இனி நகரத்துப் பேருந்துகள். கண்டக்டர் இல்லை, மாப்பிள்ளை. கம்பத்தில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது, அட்டையைக் காட்டினால் ‘ங்’ என்கிறது, அவ்வளவுதான் நம் உத்தியோகம். அந்தப் பெட்டியின் முன்னால் துக்கம் விசாரிக்க வந்தவன்போல் நின்றேன். நீயோ டிரைவருக்குப் பின்னால் போய் நின்று, அவர் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் உன் வலது காலைத் தரையில் அழுத்தினாய். தரை ஓட்டையாகாதது அந்த நகரம் செய்த புண்ணியம்.

மனிதர்களைப் பற்றியும் ஒரு வரி. பாப்பா வீட்டுக் கதவுக்கும் எதிர்வீட்டுக் கதவுக்கும் நாலடி தூரம். எதிர்வீட்டில் யாரம்மா என்று கேட்டேன். “தெரியாது மாமா, யாரோ இருக்காங்க” என்றாள். ஒருத்தரை ஒருத்தர் நிமிர்ந்து பார்க்காத அப்பேர்ப்பட்ட ஊரில், வெள்ளிக்கிழமை காலை என் விசில் சத்தத்துக்கு நாற்பதாயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஒருத்தன்தான் பார்க்கவில்லை.

சரி, அதற்கு வருகிறேன். எப்படியும் வரவேண்டியதுதானே.

ரயில் வந்தது. நீ முதலில் ஏறினாய், டிரைவர் முதலில்தான் ஏற வேண்டும். நான் ஒதுங்கி நின்று, கிழவிகள், பிள்ளைக்காரிகள், பெட்டிக்காரர்கள் எல்லோரையும் ஏற்றிவிட்டேன், கண்டக்டர் கடைசியில்தான் ஏற வேண்டும். எல்லோரும் ஏறியாயிற்று. சட்டைப் பையில் கை போனது, விசில் வாய்க்கு வந்தது, இரண்டு ஊது ஊதினேன். கதவு என் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது. வண்டிக்கு ‘போகலாம்’ சொல்லிவிட்டு நானே வெளியில் நின்ற அதிசயம் இருபத்தாறு வருடத்தில் நடந்ததில்லை. நீ பெட்டியின் முன்புறம் பார்த்து, கம்பியைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாய். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

நாள் முழுக்க நீ தொலைந்துபோனதில் பாப்பா பயந்துவிட்டாள். அப்பா இனி ஊரில் தனியாக இருக்க வேண்டாம், என்னோடேயே இருக்கட்டும் என்றாள். நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாய் என்று நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நீ “சரி” என்றாய். அந்த ஒரு வார்த்தைதான். அது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் நான் திரும்பிய வண்டியில் உன் இடம் காலி. முன்பதிவு செய்த இடமல்லவா, யாரும் உட்காரவில்லை. என் பையை அதில் வைத்து, ஜன்னல் பக்கம் அதற்கே கொடுத்தேன்.

எப்போது வருகிறாய்? ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

இப்படிக்கு,
நகரங்களை வென்று தனியே திரும்பிய
மாமா


மார்ச் 10, திங்கள்

கண்டக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா வீட்டுக் கட்டிடம் பதினாலு மாடி. லிப்டில் வந்த பெண்ணுக்குக் கல்யாணமே ஆகவில்லை. டீக்கடையில் ஐந்நூறு பேர் என்பது நீ, டீ போடுகிறவர், அந்தப் பழைய டயர் வியாபாரி, ஆக மூன்று பேர்.

என் பக்கத்தை எழுதுகிறேன். டிரிப் ஷீட் எழுதுவதுபோல்தான் எனக்கு எழுத வரும்.

11.05: விசில் கேட்டது. வண்டி கிளம்பியது.

11.14: ‘ஏய், தண்ணி பாட்டிலை எடு’ என்றேன். பக்கத்தில் இருந்த ஆள் என்னைப் பார்த்தான். நீ இல்லை.

11.20: கைப்பேசி உன் பையில் இருப்பது நினைவு வந்தது. பாப்பா நம்பர் மனப்பாடம் இல்லை. வீட்டு விலாசமும் உன் பையில்.

11.48: கடைசி நிறுத்தம். இறங்கினேன். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தேன்.

4.10: பாப்பா வந்தாள்.

விசிலுக்காக நான் கோபப்படவில்லை. அது கைப்பழக்கம். நானும் இங்கே சோபாவில் உட்கார்ந்தால் இடது கை தானாகக் கியரைத் தேடுகிறது.

நான் கேட்பது வேறு. பல வருடம் முந்தி ஒரு நாள் எவனோ பயணி விளையாட்டுக்கு இரண்டு விசிலடித்தான். நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய். நான் உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டேன். கடைசி நிறுத்தத்தில் காத்திருந்தேன். நீ ஒரு காய்கறி லாரியில் முட்டைக்கோசு மூட்டை மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தாய். அன்றைக்குப் பேசிவைத்தோம். பிரிந்துபோனால் டிரைவர் கடைசி நிறுத்தத்தில் நிற்பது. கண்டக்டர் எப்படியாவது வந்து சேர்வது. அதற்கப்புறம் இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டு முறையும் வந்தாய்.

அதனால்தான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தேன்.

நீ ஏன் வரவில்லை?

இதற்குப் பதில் எழுது. புறாக் கதை வேண்டாம்.

டிரைவர்


மார்ச் 15, சனி

கேள்விகளின் கொதிகலனும் மௌனத்தின் மொத்த வியாபாரியுமான மாப்பிள்ளைக்கு,

ஐந்து நிமிடக் கணக்கைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். நம் டிப்போ கிளைக் கண்காணிப்பாளர் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டு அதிலேயே ஒரு வண்டியைக் கழுவிவிடுவார்.

ஏன் வரவில்லை என்றா கேட்கிறாய்? கேள். உன் ரயில் போனதும் ஸ்டேஷன் மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “இந்த மாதிரி விசிலை இந்த ஸ்டேஷன் நூறு வருஷமா கேட்டதில்ல ஐயா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம்வரை அந்த நகரத்து ரயில்களையெல்லாம் நான்தான் ஊதி அனுப்பினேன். ஒரு ரயிலும் தாமதமில்லை. இரண்டு ரயில்கள் உற்சாகத்தில் புறப்படவேண்டிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன.

சிரித்தாயா? சிரித்திருக்க மாட்டாய்.

சரி. நடந்தது சின்ன விஷயம். நீ அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவாய் என்று அதே பிளாட்பாரத்தில் நின்றேன். கடைசி நிறுத்தம் என்று நாம் பேசிவைத்தது அந்தச் சந்தடியில் ஞாபகத்துக்கு வரவில்லை. வயசாகிவிட்டதல்லவா. இதை விட்டுவிடு.

இங்கத்திய செய்திகளைக் கேள். உன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் போய் ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியைப் போட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உன் வீட்டுச் சிலந்திகள் என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்து வாடகை பேச வந்தன. உன் நாற்காலியில் உட்காரவில்லை. பெஞ்சில்தான் உட்காருகிறேன்.

டீக்கடையில் ஒரு அவமானம் நடந்தது. வழக்கம்போல் “ரெண்டு” என்றேன். டீ போடுகிறவரும் வழக்கம்போல் இரண்டு கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரே குடித்திருப்பார். அப்படி மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் டயர் வியாபாரி, “அந்த ரெண்டாவது எனக்கு மாமா” என்று உன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் டயரைத் தவிர வேறு உலகம் அவருக்குத் தெரியாது. சூரிய உதயத்தைக் காட்டினால் அதில் எத்தனை தேய்மானம் என்று கேட்பார்.

பதினெட்டாம் எண் வண்டியை மாற்றிவிட்டார்கள். புது வண்டி. ஓட்டுகிறவனுக்கு முகத்தில் மீசைகூடச் சரியாக வரவில்லை. நம் டிப்போ முன்னால் உள்ள பள்ளத்தில் நேராக விடுகிறான். தினமும் அந்தச் சத்தம் கேட்கும்போது உன் பெயரில் நான் அவனைத் திட்டிக்கொள்கிறேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு நீ பதில் போடவில்லை.

இப்படிக்கு,
சிலந்திகளின் நில உரிமையாளர்
மாமா


மார்ச் 20, வியாழன்

கண்டக்டருக்கு,

நம் வழித்தடத்தில் ஐம்பத்திரண்டு நிறுத்தம். எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவி எந்த மூட்டையோடு எந்தக் கிழமை ஏறுவாள் என்று இன்றைக்கும் நீ ஒப்பிப்பாய். உனக்கு ஞாபக மறதி என்றால் நம்பச் சொல்கிறாயா?

உன் பெரிய பொய்கள் எனக்குப் பழக்கம். தொள்ளாயிரம் மாடி என்று எழுது, ஒன்பதாயிரம் என்று எழுது. அதை யாரும் நம்பப்போவதில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அது பொய்யில்லை. ‘ஞாபகத்துக்கு வரவில்லை’ என்று ஒரு சின்ன வரி எழுதியிருக்கிறாய் பார், அதுதான் பொய். இருபத்தாறு வருடத்தில் என்னிடம் நீ சொன்ன முதல் பொய்.

இன்னொரு முறை கேட்கிறேன். நீ ஏன் வரவில்லை?

இதற்கும் இதே மாதிரி பதில் வந்தால் அதற்கப்புறம் உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

டிரைவர்


மார்ச் 26, புதன்

மாப்பிள்ளை,

பட்டம் கட்டி எழுத இன்று கை வரவில்லை. மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

நான் வந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஜனவரியில் நீ குளியலறையில் விழுந்தாய். காலை ஆறு மணிக்கு விழுந்தவன். டீக்கு வரவில்லையே என்று நான் வந்து கதவைத் தட்டியது மத்தியானம் இரண்டு மணிக்கு. உள்ளே தாழ்ப்பாள். நான் கூப்பிடக் கூப்பிட நீ முனகியது மட்டும் கேட்டது. டிப்போ மெக்கானிக்கைக் கூட்டிவந்து கதவைப் பெயர்த்து உள்ளே வந்தோம். உன்னைத் தூக்கப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. ஒரு கையைத் தூக்கினால் இன்னொரு பக்கம் சரிகிறாய். மெக்கானிக்தான் தூக்கினான். நான் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எட்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்தவன், கண்ணைத் திறந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “பாப்பாகிட்ட சொல்லாத.”

சொல்ல மாட்டேன் என்றேன். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அப்படிப் பார்த்தால் முதல் பொய் அதுதான், விசில் நாளைப் பற்றி எழுதியது இல்லை.

பாப்பா அழுதாள். “நான் கூப்பிட்டா வர மாட்டார் மாமா. நீங்க டூர்னு சொன்னா வருவார். கூட்டிட்டு மட்டும் வாங்க, அப்புறம் நான் பாத்துக்கறேன்” என்றாள். அப்படித்தான் அந்த நகர யாத்திரை பிறந்தது. நகரத்தைப் பார்க்காமல் செத்தால் என் ஆவி டிப்போவில் அலையும் என்று உன்னை ஒரு மாதம் நச்சரித்தேனே, அது இதற்குத்தான்.

விசில் மட்டும் சத்தியமாகத் தெரியாமல் ஊதியது. அதில் சூது இல்லை.

ரயில் போனதும் பாப்பாவுக்குப் போன் செய்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தாள். “அப்பா எங்க இருப்பார்னு தெரியுமா மாமா?” என்றாள். தெரியும், கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பான் என்றேன். அப்புறம், “நீங்க போகாதீங்க மாமா. மூணு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு நானே போறேன். கொஞ்சம் பயப்படட்டும். அப்பதான் இங்க இருக்க ஒத்துக்குவார்” என்றாள். அவளைத் தப்புச் சொல்லாதே. நான் “சரிம்மா” என்றேன்.

சரி என்றுவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுத்த ரயிலிலேயே ஏறிவிட்டேன். கடைசிப் பெட்டியில் வந்து இறங்கினேன். பிளாட்பாரத்தின் நடுவில் பெரிய தூண் ஒன்று. அதன் பின்னால் நின்றுகொண்டேன். உனக்கும் எனக்கும் முப்பதடி தூரம் இருக்கும். மணி பன்னிரண்டு.

நீ பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. கையில் ரயில் சீட்டைப் பிடித்திருந்தாய். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாய், காலையில் நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. நீ எழுந்து போகவில்லை. அந்த நேரத்தில் ரயில் வந்துவிட்டால் நான் உன்னைத் தேடுவேன் என்று நினைத்திருப்பாய்.

கால்மணிக்கு ஒரு ரயில் வந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் நீ எழுந்து நின்றாய். எல்லாக் கதவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாய். கூட்டம் கலைந்து, கடைசி ஆளும் போன பிறகு உட்கார்ந்தாய். எண்ணினேன். பதினேழு ரயில். பதினேழு முறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

மூன்று முறை தூணை விட்டு வெளியே வந்தேன். மூன்று முறையும் திரும்பிப் போனேன். நான் வந்து நின்றால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். “வா, ஊருக்குப் போலாம்” என்பாய். நானும் “வா” என்று கிளம்பிவிடுவேன். அப்புறம் இன்னொரு நாள் நீ உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்து கிடப்பாய், நான் வெளியில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன். அந்த ஒன்றை மட்டும் என்னால் இன்னொரு முறை தாங்க முடியாது.

பாப்பா வந்து கூட்டிப்போனதும் நான் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இரண்டு ரயில் போகவிட்டேன். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து, வாசலில் மூச்சு வாங்கி, “எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா” என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய்.

இவ்வளவுதான். இனி பிரிக்க மாட்டாய் என்றால் பிரிக்க வேண்டாம்.

கண்டக்டர்


ஏப்ரல் 2, புதன்

மாமா,

உன்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. ஊரே கூப்பிடும்போது நான் மட்டும் எதற்கு ஏய் என்று கூப்பிட வேண்டும்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்று உனக்குத் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் கண்ணாடியைப் பார்ப்பேன். அதுதானே என் பிழைப்பு.

அந்தப் பிளாட்பாரத்தின் முனையில், ரயில் ஓட்டுகிறவர் பின்பெட்டிகளைப் பார்ப்பதற்காக ஒரு பெரிய வட்டக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. என் பெஞ்சுக்கு நேர் எதிரே. நீ கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். அப்பாடா என்று எழுந்தேன். நீ தூணுக்குப் பின்னால் போனாய். ஏதோ கேலி செய்யப்போகிறாய் என்று நினைத்து உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆனது. நீ வரவில்லை. அப்புறம் இது கேலி இல்லை என்று தெரிந்தது.

ஒளியத் தெரியாதவன் நீ. பாதித் தொப்பை தூணுக்கு வெளியே இருந்தது.

நான் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். நீயாக வரவேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். நீ எந்த ரயிலிலும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ரயில் வந்து கூட்டம் இறங்கும்போது, அதில் கலந்து, இப்போதுதான் வந்தவன்போல் நீ வந்து சேர்ந்துகொள்ளலாமே. உனக்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று எழுந்து நின்றேன். வந்திருந்தால், “ஏன்டா இவ்வளவு நேரம்” என்று மட்டும்தான் கேட்டிருப்பேன்.

முதல் ஏழெட்டு ரயில்வரை உன் மேல் கோபம். வெட்டிப்போட்டுவிடலாம் என்ற அளவுக்கு. அப்புறம் சும்மா உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியில் எல்லாம் சின்னதாக, தூரமாகத் தெரியும். தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் நின்றான். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். அவனுக்கு உட்கார இடமில்லை. தரையில் உட்கார்ந்தால் நான் அவன் கண்ணுக்கு மறைந்துவிடுவேன் என்று உட்காரவில்லை. நாலு மணி நேரம் நின்றான். நாம் ஒருத்தரை ஒருத்தர் தினமும் பார்க்கிறோம், அதனால் தெரிவதில்லை. அன்று கண்ணாடியில்தான் தெரிந்தது. இவனா என்னைத் தூக்கப்போகிறான் என்று நினைத்தேன். எட்டு மணி நேரம் நான் கிடந்த அன்று, நீ கதவைத் தட்டிய தட்டு எனக்குக் கேட்டது. கை வலித்திருக்கும். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் “சரி” என்றேன். நீங்கள் இரண்டு பேரும் போட்ட திட்டத்துக்கு நான் விழவில்லை. பாப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே. அப்பாவை ஜெயித்த திருப்தி அவளுக்காவது இருக்கட்டும்.

எப்போது வருகிறாய் என்று இரண்டு கடிதத்தில் கேட்டாய். நான் வரவில்லை. வீட்டைக் காலி செய்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடு. நாற்காலியை நீ வைத்துக்கொள். அதில் உட்கார்.

இங்கே காலையில் பாப்பா போய்விட்டால் சாயங்காலம்வரை நான்தான். ஜன்னலில் நிற்பேன். பதினாலாம் மாடியிலிருந்து பார்த்தால் பஸ்ஸின் கூரை தெரிகிறது. இருபத்தாறு வருடம் ஓட்டினேன், கூரையைப் பார்த்ததில்லை. எல்லாக் கூரையிலும் ஒரு சதுர மூடி இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

எதிர்வீட்டுக் கதவை நேற்றுத் தட்டினேன். ஒரு ஆள் திறந்தான். என்ன வேண்டும் என்றான். ஒன்றும் வேண்டாம், யார் இருக்கிறீர்கள் என்று பார்க்கத் தட்டினேன் என்றேன். சாத்திக்கொண்டான். நாளைக்கும் தட்டுவேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். நான் இங்கே வந்துவிட்டேன். எனக்குப் பாப்பா இருக்கிறாள். நீ விழுந்தால் யார் வருவார்கள்? டீக்கடைக்கு நீ வரவில்லை என்றால் டயர் வியாபாரி எழுந்து வந்து பார்ப்பாரா? அவரிடம் சொல்லிவை. வெட்கப்படாதே. இன்னொன்று, இனிமேல் உள்ளே தாழ்ப்பாள் போடாதே. கதவைச் சாத்தி மட்டும் வை.

டிரைவர்


ஏப்ரல் 8, செவ்வாய்

பதினாலாம் மாடியின் பேரரசரும், பஸ் கூரைகளின் முதல் ஆராய்ச்சியாளரும், எதிர்வீட்டுக் கதவுகளின் கொடுங்கனவுமான மாப்பிள்ளைக்கு,

அந்தச் சதுர மூடி எதற்கென்று டிப்போ முழுக்க விசாரித்தேன். மழையில்லாத நாளில் உள்ளேயிருக்கும் சூடு வெளியே போவதற்காம். நான் அதை நம்பவில்லை. மேலே பதினாலாம் மாடியில் தனியாக நிற்கிற கிழவர்களை வண்டி நிமிர்ந்து பார்ப்பதற்காக வைத்த கண் என்று தீர்மானித்திருக்கிறேன். இனி எழுதும்போது அப்படித்தான் எழுதுவேன், மறுத்துப் பேசாதே.

டயர் வியாபாரியிடம் சொன்னேன். ஒரு நாள் வராவிட்டால் வந்து பாருங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அதுக்கென்ன மாமா, எனக்கும் நீங்க வந்து பாருங்க” என்றார். அவருக்கும் வீட்டில் யாருமில்லையாம். பதினைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம், எனக்குத் தெரியாது.

உன் வீட்டைக் காலி செய்துவிட்டேன். சாவியைக் கொடுத்தாயிற்று. நாற்காலி இங்கே வந்துவிட்டது. அதைத் தூக்கிவர நூறு பேர் தேவைப்பட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் மெக்கானிக்கும். வழியில் நாலு இடத்தில் இறக்கி வைத்தேன்.

நேற்று மத்தியானம் அதில் சாய்ந்து படுத்திருந்தேன். நீ சொன்னபடி தாழ்ப்பாள் போடவில்லை, கதவைச் சாத்தி மட்டும் வைத்திருந்தேன். காற்றில் இரண்டு முறை திறந்தது. இரண்டு முறையும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

மாமா